இரண்டெழுத்தும் பதினைந்தெழுத்தும்

ஆங்கில அகராதியில் ஏறியவற்றுள் மிக நீண்ட சொல் எது என்று கேட்டால், வினாடி வினா மேடைகளில் ஒரு பதில் தயாராக இருக்கும்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிக்கோவால்கனோகோனியோசிஸ். ஆங்கிலத்தில் எழுதினால் 45 எழுத்து. மிக நுண்ணிய சிலிக்கா தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று அகராதி பொருள் சொல்லும். அப்படி ஒரு நோயாளி வந்தால் மருத்துவர் சீட்டில் சிலிக்கோசிஸ் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். இந்த 45 எழுத்து மருத்துவமனையில் பிறந்த சொல்லே இல்லை. 1883-இல் தொடங்கிய நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற அமெரிக்கப் புதிர் விரும்பிகள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், 1935-இல் வேண்டுமென்றே கோத்து விட்ட சொல் இது. செய்தித்தாளில் வந்தது, பின்னர் பெரிய அகராதிகளும் சேர்த்துக்கொண்டன. சொல் விளையாட்டுக்காரர் ஒருவர் செய்த சொல்லைச் சொல் விளையாட்டு எதிலுமே ஆட முடியாது என்பதுதான் வேடிக்கை. எழுத்துச் சில்லுகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகையின் ஒரு வரிசையில் இருப்பது 15 கட்டங்கள்.

ஆங்கிலச் சொல் விளையாட்டுகளை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நீண்ட சொற்களைத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர் என்று நினைக்கிறார்கள். ஆடுபவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தை நடத்துவது குட்டிச் சொற்கள். நீண்டவை பெரும்பாலும் காட்சிப் பொருள்கள். இரண்டுக்கும் நடுவே ஏழு, எட்டு எழுத்துச் சொற்கள் இருக்கின்றன. புள்ளிகள் குவிவது அங்கே. ஒவ்வொரு நீளத்துக்கும் இந்த மதிப்பு எப்படி வந்தது, எந்தச் சொல் செல்லும் எது செல்லாது என்பதை முடிவு செய்தது யார் என்று பார்த்தால், ஆங்கிலம் என்ற மொழியைப் பற்றியே சில சங்கதிகள் தெரியவருகின்றன.

காட்சிப் பொருள்களை முதலில் பார்த்து முடித்துவிடலாம். ஆண்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், 28 எழுத்து: இங்கிலாந்துத் திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கக் கூடாது என்ற 19-ஆம் நூற்றாண்டுக் கட்சி. ஃப்ளாக்ஸினாசினிஹிலிபிலிஃபிகேஷன், 29 எழுத்து: ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்குதல். அற்பம் என்ற பொருள் தரும் நான்கு லத்தீன் சொற்களை ஒட்டவைத்து 18-ஆம் நூற்றாண்டில் யாரோ செய்த குறும்பு. அதன் 29 எழுத்தில் ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் 'ஈ' ஒருமுறைகூட வராது. ஷேக்ஸ்பியரின் லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தில் வரும் ஹானரிஃபிகாபிலிடூடினிடாடிபஸ், 27 எழுத்து: முதலிலிருந்து கடைசிவரை மெய், உயிர், மெய், உயிர் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகவே போகும்.

இந்தச் சொற்களை ரசிப்பவர்கள் பொருளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எழுத்துகள் அமைந்திருக்கும் விதத்தைத்தான் பார்க்கிறார்கள். டிமிட்ரி போர்க்மன் 1965-இல் எழுதிய லாங்குவேஜ் ஆன் வெக்கேஷன் என்ற நூல் இந்த ரசனைக்கு ஒரு முறையான இடம் தந்தது. 1968-இல் வேர்ட் வேஸ் என்ற இதழும் தொடங்கியது. எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத நீண்ட சொல் எது, தட்டச்சுப் பலகையின் மேல் வரிசையிலேயே அடித்து முடிக்கக்கூடிய நீண்ட சொல் எது என்பன போன்ற கேள்விகள் அவர்களுடைய தீனி. முதல் கேள்விக்கு அன்காப்பிரைட்டபிள் என்று ஒரு விடை உண்டு: 15 எழுத்து, பதினைந்தும் வேறு வேறு. இரண்டாவதுக்கு டைப்ரைட்டர் என்ற சொல்லே விடைகளில் ஒன்று.

எனக்கு இவற்றுள் பிடித்தது ஸ்ட்ரெங்த்ஸ். ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, அவற்றுள் உயிர் ஒன்றே ஒன்று. வாயைத் திறந்து மூடுவதற்குள் ஒரே அசையில் முடிந்துவிடும். தமிழில் எழுதினால் ஆறு எழுத்து, அதில் ஐந்து புள்ளி வைத்த ஒற்று. கண்ணுக்கு நீளம், காதுக்குக் குட்டை. சொல் விளையாட்டுகள் அச்செழுத்தின் கணக்கில் நடப்பதால் காதுக்கு அங்கே வேலையில்லை.

ஸ்கிராபிள் பிறந்த கதையிலும் அச்செழுத்துக் கணக்குதான் மையம். நியூயார்க்கில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போன கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து சில்லுகளின் அளவும் மதிப்பும் பிறந்தன. மொத்தம் நூறு சில்லு, அதில் இரண்டு வெற்றுச் சில்லு. 'ஈ' பன்னிரண்டு, 'கியூ', 'இசட்' ஒவ்வொன்று, தலா பத்துப் புள்ளி. 1948-இல் ஜேம்ஸ் புருனோ அந்த ஆட்டத்துக்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார். பட்ஸ் தம் எண்ணிக்கையிலிருந்து தெரிந்தே விலகிய இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'எஸ்' ஏராளமாக வரும் எழுத்து. அதற்கு நான்கு சில்லுகளே கொடுத்தார். எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் 'எஸ்' ஒட்டிப் பன்மையாக்கி ஆளாளுக்குப் புள்ளி பொறுக்கிவிடுவார்கள் என்ற பயம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இன்றும் 'எஸ்' கிடைத்தால் அவசரப்பட்டுச் செலவழிப்பதில்லை. வெற்றுச் சில்லுக்கு அடுத்த மரியாதை அதற்குத்தான்.

இனி இரண்டெழுத்துச் சொற்கள்.

உலகின் பெரும்பகுதியில் போட்டிகளுக்கு ஆதாரம் காலின்ஸ் பட்டியல். அதன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் 127 இரண்டெழுத்துச் சொற்கள் இருந்தன. வட அமெரிக்காவுக்குத் தனிப் பட்டியல், அதில் 107. இருபத்தாறு எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்க்க 676 வழிகள் உண்டு. செல்லுபடியானவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வாரம் மெனக்கெட்டால் யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள தூரத்தைப் பிறகு எத்தனை நீண்ட சொற்களாலும் அடைக்க முடியாது.

அது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும். பலகையில் எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. அப்படி ஒரு கட்டத்துக்கு இடப்பக்கம் 'ஏ' என்ற சில்லும், மேலே 'ஓ' என்ற சில்லும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் 'எக்ஸ்' ஒன்றை மட்டும் வைத்தால் குறுக்கே ஆக்ஸ், நெடுக்கே ஆக்ஸ்: ஒன்று கோடரி, மற்றது எருது. எக்ஸுக்கு எட்டுப் புள்ளி, மும்மடங்கானால் 24. இரண்டு சொல்லிலும் அது எண்ணப்படும். 'ஏ', 'ஓ' இரண்டுக்கும் ஒவ்வொரு புள்ளி. மொத்தம் 50. கையிலுள்ள ஏழு சில்லுகளையும் ஒரே வீச்சில் இறக்குபவருக்கு ஆட்டம் தரும் தனிப் பரிசும் அதே 50 புள்ளிதான். இங்கே செலவு ஒரே ஒரு சில்லு.

இன்னொரு பயன் இதைவிடப் பெரிது. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் சொல்லுக்கு அடுத்த வரிசையில் அதை உரசினாற்போல இன்னொரு சொல்லை அடுக்கலாம். அப்படி அடுக்கும்போது மேலும் கீழுமாகச் சேரும் ஒவ்வொரு ஜோடியும் செல்லுபடியாகும் சொல்லாக இருக்க வேண்டும். ஜோடிகள் தெரிந்தவர் ஒரே ஆட்டத்தில் நான்கு, ஐந்து சொற்களுக்குப் புள்ளி வாங்குவார். தெரியாதவர் காலியிடம் தேடிக்கொண்டிருப்பார். பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் சில்லறை இல்லாமல் விழிப்பவரின் நிலைதான்.

இந்த 127-இல் சாதாரணமாக ஆங்கிலம் பேசுபவர் புழங்குவது மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் எங்கிருந்து வந்தன? இங்கே ஆங்கிலத்தின் கதவு எவ்வளவு அகலம் என்று தெரிகிறது. எழுத்துப் பெயர்களைக் கோடிட்டுக் காட்டுகிறேன். ஏ-ஏ என்றால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை. ஏ-ஐ தென் அமெரிக்க மரவிலங்கான ஸ்லாத்தின் மூவிரல் வகை. எக்ஸ்-யு வியட்நாமின் பழைய சில்லறைக் காசு. ஓ-ஈ வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுப் பக்கத்துச் சுழற்காற்று. கே-ஏ பண்டைய எகிப்தியர் நம்பிய ஆன்மா. ஜே-ஓ ஸ்காட்லாந்தில் காதலியைக் கூப்பிடும் சொல். இசட்-ஓ இமயமலைப் பக்கத்தில் யாக் எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பு மாடு. இந்த மாட்டுக்கு ஆங்கிலத்தில் இன்னும் சில எழுத்துக்கூட்டல்கள் உண்டு, அவையும் செல்லும். கிரேக்க எழுத்துகளின் பெயர்கள் வரிசையாக உள்ளே இருக்கின்றன; ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் சிலவும், மேற்கத்திய இசையின் சுரப் பெயர்களும் அப்படியே. ம்ம், ஷ், ஹ்ம் போன்ற வெறும் ஒலிகளும் உயிரெழுத்தே இல்லாமல் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன.

இவற்றுள் கியூ-ஐ தனிக்கதை. 'சீ' என்று ஒலிக்க வேண்டும். சீன மரபில் உடலில் ஓடும் உயிராற்றல். வட அமெரிக்கப் பட்டியலில் இது நுழைந்தது 2006-இல். அதுவரை 'கியூ' கையில் வந்தால் 'யு' வரும்வரை காத்திருந்து சிலர் ஆட்டத்தையே இழந்தார்கள். இன்று போட்டிகளில் மிக அதிகம் ஆடப்படும் சொற்களில் அது ஒன்று. அதே ஆண்டு இசட்-ஏ என்பதும் அங்கே செல்லுபடியானது. பீட்சா என்பதை அமெரிக்க இளைஞர்கள் கத்தரித்துப் பேசிய வால் அது. 2018-இல் ஓ-கே சேர்ந்தது, காலின்ஸில் 2019. உலகம் முழுக்கப் பேசும் ஓகே அதுவரை செல்லாமல் இருந்ததற்குக் காரணம், அது பெரிய எழுத்துகளில் எழுதும் சுருக்கம் என்று கருதப்பட்டதுதான். அதனுடன் அருவருப்பைக் காட்டும் 'ஈ-டபிள்யூ' என்பதும் வந்தது. நம் உவ்வேக்கு அகராதி அந்தஸ்து கிடைத்த மாதிரி.

இரண்டெழுத்துச் சொல்லே இல்லாத எழுத்து காலின்ஸ் பட்டியலில் ஒன்றே ஒன்று, 'வி'. வட அமெரிக்காவில் 'சி'க்கும் கிடையாது; காலின்ஸில் மட்டும் 'நான்' என்பதன் வழக்கொழிந்த வட்டார வடிவமான சி-எச் அதைக் காப்பாற்றுகிறது. 'வி' அநாதையானது தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலக் கையெழுத்தில் 'யு', 'வி' இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாக இருந்தன. சொல்லின் கடைசியில் வந்தால் எது எதுவென்று குழம்பும் என்பதால் பின்னால் ஒலியில்லாத ஓர் 'ஈ'யைச் சேர்க்கும் பழக்கம் வந்தது. ஹேவ், கிவ், லவ் என்ற சொற்களின் வாலில் தொங்கும் 'ஈ' அந்தப் பழக்கத்தின் மிச்சம். சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தர்களின் ஏற்பாட்டால் இன்றைக்கு ஒருவர் கையில் 'வி'யை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறார்.

'கியூ'வுக்குப் பின்னால் 'யு' ஒட்டியிருப்பதும் அப்படித்தான். க்வீன் என்ற சொல்லைப் பழைய ஆங்கிலத்தில் 'சி', 'டபிள்யூ' போட்டுத்தான் எழுதினார்கள். நார்மன் ஆட்சிக்குப் பின் பிரெஞ்சு பழகிய எழுத்தர்கள் அதை மாற்றினார்கள். எனவே 'யு' இல்லாத 'கியூ' சொற்கள் பெரும்பாலும் அந்த மரபைத் தொடாமல் வந்தவை. அரபியிலிருந்து வந்தவைதான் அதிகம்: ஃபகீர், காதி, தலாக், நிகாப், மெல்லும் இலையான காத். தட்டச்சுப் பலகையின் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்துப் படித்த க்வெர்ட்டி என்பதும் உண்டு.

உயிரெழுத்துக்குப் பஞ்சம் வந்தால் வேல்ஸ் நாட்டுப் பக்கம் போக வேண்டும். அங்கே 'டபிள்யூ' உயிராக ஒலிக்கும். மூன்றெழுத்துக் கூம் என்றால் பள்ளத்தாக்கு. ஐந்தெழுத்துக் க்ரூத் ஒரு நரம்புக் கருவி. இரண்டிலும் ஆங்கிலக் கண்ணுக்கு உயிரே தென்படாது. மெய்க்குப் பஞ்சம் வந்தாலும் வழியுண்டு. காலின்ஸில் ஆறு எழுத்தும் உயிராகவே அமைந்த ஒரு சொல் இருக்கிறது: ஈ-யு-ஓ-யு-ஏ-ஈ. இடைக்கால லத்தீன் வழிபாட்டுப் பாடல் ஏடுகளில் ஒரு முடிவுத் தொடரின் உயிரெழுத்துகளை மட்டும் சுருக்கமாக எழுதி வைப்பார்கள். அந்தக் குறிப்பையே சொல்லாக்கி அகராதியில் ஏற்றிவிட்டார்கள். இது சொல்லா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கையில் உயிராகவே நிறைந்திருப்பவரிடம் போய் அந்தச் சந்தேகத்தைக் கேட்க முடியாது.

தமிழும் இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. கட்டுமரம் தந்த காட்டமரான் ஒன்பது எழுத்து. சுருட்டு தந்த செரூட் சரியாக ஏழு. ஒரே வீச்சில் இறக்கத் தோதானது. வெட்டிவேர் தந்த வெட்டிவரும் ஏழுதான். மிளகுத்தண்ணி தந்த மல்லிகடானி பன்னிரண்டு எழுத்து. அதை ஆட வேண்டுமென்றால் பலகையில் ஐந்து எழுத்துகள் முன்கூட்டியே அந்த இடங்களில் அமைந்திருக்க வேண்டும், எனவே ஆசைப்பட வேண்டாம். இவற்றையெல்லாம்விட உதவுவது இட்லி. நான்கெழுத்தில் இரண்டு 'ஐ' செலவாகும். கையில் 'ஐ' மூன்று சேர்ந்து திணறும்போது இட்லியின் அருமை தெரியும்.

நடு நீளத்துக்கு வருவோம். கையில் ஏழு சில்லு. எல்லாவற்றையும் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். எனவே ஏழெழுத்துச் சொற்களும், பலகையிலுள்ள ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு ஆடும் எட்டெழுத்துச் சொற்களும்தான் தீவிர ஆட்டக்காரரின் பாடத்திட்டம். காலின்ஸில் ஏழெழுத்துச் சொற்கள் முப்பதாயிரத்துக்கு மேல், எட்டெழுத்து நாற்பதாயிரத்துக்கு மேல். இவ்வளவையும் யார் படிப்பது? அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. எந்த ஆறு எழுத்துகளோடு ஏழாவதாக எதைச் சேர்த்தாலும் சொல் அமைய அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டு, அந்த ஆறெழுத்துக் கருக்களைப் படிக்கிறார்கள். டிசான், சட்டையர், ரெட்டினா ஆகியவை பேர்போன கருக்கள். எல்லாமே அடிக்கடி வரும், ஒரு புள்ளி மதிப்புள்ள எழுத்துகளால் ஆனவை. ரெட்டினாவின் ஆறு எழுத்தோடு 'எஸ்' சேர்ந்தால் வட அமெரிக்கப் பட்டியலிலேயே ஒன்பது சொற்கள் அமையும்: தக்கவைக்கிறது என்ற ரீடெய்ன்ஸ், இன்னும் மோசமான என்ற நாஸ்டியர், கறை படுத்துபவர் என்ற ஸ்டெய்னர், பிசின் மணக்கும் கிரேக்க ஒயின் ரெட்சீனா, இப்படி. ஒரே ஏழு சில்லுகளை ஒன்பது விதமாக அடுக்கத் தெரிந்தவருக்கு ஒன்றாவது எங்காவது பொருந்திவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கலை, ஏற்கெனவே உள்ள சொல்லின் முன்னோ பின்னோ ஓர் எழுத்தைக் கொக்கி போட்டு மாட்டுவது. பின்னால் மாட்டுவது எல்லோருக்கும் தெரியும். முன்னால் மாட்டத்தான் பழக்கம் வேண்டும். ரேஞ்ச் என்ற சொல்லின் முன் 'ஓ' வைத்தால் ஆரஞ்ச். லாஃப்டர் என்ற சிரிப்பின் முன் ஓர் 'எஸ்' வைத்தால் ஸ்லாட்டர் என்ற படுகொலை. ஒலியே மாறிவிடுவதால் ஆங்கிலத்தைக் காதால் கற்றவர்கள் இவற்றைக் காணத் தவறுகிறார்கள். கண்ணால் கற்றவர்களுக்கு, அதாவது நம்மைப் போலப் புத்தகம் வழியே ஆங்கிலத்துக்கு வந்தவர்களுக்கு, இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் அனுகூலம் என்றே நினைக்கிறேன்.

ஒரே வீச்சில் பெரும் புள்ளி எடுத்த வரலாறுகளும் எட்டெழுத்துக்குள்தான் இருக்கின்றன. 1982-இல் மான்செஸ்டரில் கார்ல் கோஷ்னாவ் கஸீக்ஸ் என்ற சொல்லுக்கு 392 புள்ளி எடுத்தார். மேற்கிந்தியத் தீவுப் பழங்குடித் தலைவர்களைக் குறிக்கும் சொல்லின் பன்மை அது. 2006-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் மைக்கேல் க்ரெஸ்டா க்விக்ஸட்ரி என்ற சொல்லுக்கு 365 எடுத்தார். டான் கிஹோத்தேயின் பெயரில் பிறந்த, நடக்காத இலட்சியத்தைத் துரத்தும் போக்கு. அந்த ஆட்டத்தில் அவர் எடுத்த மொத்தம் 830. இந்த 365 எப்படி வருகிறது என்று போட்டுப் பார்ப்பது சுகமான வேலை. பலகையின் ஓர வரிசையில் சொல்லை மும்மடங்காக்கும் கட்டம் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு மூலையில் ஒன்று. மூலையிலிருந்து நடுவரை சரியாக எட்டுக் கட்டம். எட்டெழுத்துச் சொல் இரண்டையும் தொட்டால் மூன்றை மூன்றால் பெருக்கி ஒன்பது மடங்கு. சொல்லின் எழுத்துகளுக்கு மட்டும் 27 புள்ளி. நான்காவது கட்டம் எழுத்தை இருமடங்காக்கும்; அங்கே வந்து விழுந்தது எட்டுப் புள்ளி 'எக்ஸ்'. ஆக 35, ஒன்பதால் பெருக்கினால் 315, ஏழு சில்லும் இறங்கியதற்கு 50. கஸீக்ஸையும் இப்படிப் பிரிக்கலாம்: எழுத்துக்கு 28, இருமடங்கான 'கியூ'வால் 38, ஒன்பது மடங்கில் 342, கூட 50.

பதினைந்தெழுத்துக்கு என்ன வாய்ப்பு? ஓரத்தின் மூன்று மும்மடங்குக் கட்டங்களையும் ஒரே சொல் தொட்டால் 27 மடங்கு. ஆக்சிஃபென்பியூட்டசோன் என்ற வீக்கம் தணிக்கும் மருந்தின் பெயர் இதற்கென்றே அமைந்த மாதிரி 15 எழுத்து; பக்கத்துச் சொற்களையும் சேர்த்து 1,778 புள்ளி வரை கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு அதன் எட்டு எழுத்துகள் ஓரத்தில் ஏற்கெனவே உரிய இடங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும், மீதி ஏழும் ஒருவர் கையில் சேர வேண்டும், எதிராளி அதுவரை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். நீண்ட சொல்லின் தலைவிதி அதுதான், காகிதத்தில் மட்டும் ஜெயிப்பது.

மற்ற விளையாட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நீளத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. லூயிஸ் கரோல் 1879-இல் வேனிட்டி ஃபேர் இதழில் நடத்திய டப்ளெட்ஸில் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். ஹெட், ஹீல், டீல், டெல், டால், டெயில் என்று தலையிலிருந்து வாலுக்குப் போனார்கள். நான்கெழுத்தில் இது இனிக்கும். எட்டெழுத்துச் சொல்லுக்குப் பக்கத்து வீடே பெரும்பாலும் இருக்காது. 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் ஆர்தர் வின் தொடங்கி வைத்த குறுக்கெழுத்து, இன்றைய அமெரிக்க வடிவில் மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல்லை ஏற்பதில்லை. ஸ்கிராபிளின் உயிர்நாடியான இரண்டெழுத்துக்கு அங்கே நுழைவே இல்லை. பதிலுக்கு உயிர் மிகுந்த நான்கெழுத்துச் சொற்கள் தேய்ந்துபோகும் அளவுக்கு வருகின்றன: கடற்கழுகு எர்ன், ஊசிப்பெட்டி எட்வீ, வாள்விளையாட்டின் எபே. நேரில் யாரும் பேசிக் கேட்டிராத இந்தச் சொற்களுக்குக் குறுக்கெழுத்தில் மட்டும் ஆயுசு கெட்டி.

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 1982 நவம்பர் 2-இல் தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியாக வந்த கவுண்ட்டவுன், ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்தது. ஒன்பது எழுத்து, முப்பது நொடி. எவ்வளவு நீளமோ அவ்வளவு புள்ளி, ஒன்பதையும் பயன்படுத்தினால் இரட்டிப்பாக 18. நீளத்தை நேர்மையாகப் போற்றும் ஆட்டம் என்று இதைத்தான் சொல்வேன். 2021-இல் ஜோஷ் வார்டில் வெளியிட்டு, அடுத்த ஆண்டே நியூயார்க் டைம்ஸ் வாங்கிய வேர்டிலோ ஐந்தெழுத்தோடு நிறுத்திக்கொண்டது. ஏற்கும் சொற்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்தும் விடையாக வைத்தது சுமார் 2,300. அந்தப் பெரிய குவியலிலிருந்து பழகிய சொற்களை மட்டும் பொறுக்கியவர் வார்டிலின் துணைவி பாலக் ஷா. இட்ட சொல்லை மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொள்ள முடிந்தது அந்தப் பொறுக்கலால்தான் என்பது என் எண்ணம்.

இங்கேதான் பழைய தகராறு திரும்ப வருகிறது: எது சொல்? அமெரிக்காவில் மெரியம்-வெப்ஸ்டர் 1978-இல் ஸ்கிராபிளுக்கென்றே அகராதி போட்டது. பிரிட்டனில் சேம்பர்ஸ் அகராதி ஆதாரமாக இருந்தது. அதன் அடிப்படையில் 1988-இல் தனிப் பட்டியல் வந்தது. சேம்பர்ஸ் எடின்பரோவில் தோன்றிய நிறுவனம். ஸ்காட்லாந்துச் சொற்களும் பழைய கவிஞர்களின் சொற்களும் அதில் தாராளம். பிரிட்டிஷ் ஆட்டத்தில் இன்றும் ஸ்காட்லாந்து வாடை அடிப்பதற்குக் காரணம் அது. 2003-இல் காலின்ஸ் பொறுப்பேற்ற பிறகும் அந்தச் சொற்கள் போகவில்லை. விற்பனை உரிமையும் இரண்டு: வட அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ, மற்ற நாடுகளில் மாட்டெல். காலின்ஸில் சுமார் 2,80,000 சொற்கள். அமெரிக்கப் பட்டியலில் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். 2020-இல் வட அமெரிக்கப் போட்டிகளிலிருந்தும் 2021-இல் மாட்டெல் தரப்பிலும் இன, சாதி, பால் இழிசொற்கள் நீக்கப்பட்டன. எதிர்த்தவர்கள் சொன்ன வாதம்: பலகையில் சொல்லுக்குப் பொருள் கிடையாது, அது வெறும் புள்ளி. இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும்.

ஆனாலும் பொருள் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் சாட்சி. நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் வாழ்பவர், ஆங்கிலத்தில் ஐந்து முறை உலகச் சாம்பியன். 2015-இல் பிரெஞ்சு மொழிச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்துவிட்டுப் போனார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். அவருக்கு மொழி என்பது செல்லும் வரிசை, செல்லாத வரிசை என்ற இரண்டே. அவரைப் பார்த்து வியக்கலாம். ஆனால் நாம் அப்படி ஆடினால் ஃபாரோ தீவுச் சுழற்காற்றும் இமயமலைக் கலப்பு மாடும் வெறும் ஜோடி எழுத்தாகிவிடும், அது நஷ்டம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கறாராக ஒரு வரிசை இருக்கிறது. இரண்டெழுத்து முழுவதும் முதலில். பிறகு அவற்றின் முன்னும் பின்னும் கொக்கி போட்டு உண்டாகும் மூன்றெழுத்துகள். மொத்த மூன்றெழுத்துச் சொற்கள் ஆயிரத்துக்கு மேல், ஆனால் இப்படிப் படித்தால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். அடுத்து 'யு' இல்லாத 'கியூ' சொற்கள், 'ஜே', 'எக்ஸ்', 'இசட்' வரும் நான்கெழுத்துகள், உயிர் நிரம்பிய சொற்கள். ஆறெழுத்துக் கருக்களைத் தொடுவது அதற்குப் பிறகு. எந்தப் பட்டியலைப் படிப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போட்டிகள் காலின்ஸ் பட்டியலில் நடக்கின்றன. அமெரிக்கச் செயலி ஒன்றில் பழகிவிட்டு இங்கே வந்தால் எதிராளி வைக்கும் சி-எச்சையும் இசட்-ஓவையும் பார்த்துச் சவால் விடத் தோன்றும். அந்தச் சவால் தோற்கும்.